ஆல்-சீசன் என்றால் எல்லாப் பருவமுமா? டயர் பற்றி வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டயர் பற்றியவை. பாதிப் பேருக்குப் பிள்ளைகள் பனி ஊரில் கார் ஓட்டுகிறார்கள் என்ற கவலை. மீதிப் பேருக்கு அந்தப் பனி ஊர் டயரே நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்ற குழப்பம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

*கேள்வி: என் மகன் மொன்றியலில் வேலைக்குச் சேர்ந்து பழைய கொரோலா ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் ஆல்-சீசன் டயர் போட்டிருக்கிறது. "எல்லாப் பருவத்துக்கும் என்றுதானே பெயர்? ஊருக்குள்ளேதான் ஓட்டுகிறேன், பனியை உடனே வாரிவிடுகிறார்கள், வேறு டயர் எதற்கு?" என்கிறான். விண்டர் டயர் வீண் செலவா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)*

மொன்றியலில் இது அவர் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை, அம்மா. மொன்றியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பதிவான கார்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால முத்திரை உள்ள டயரில்தான் ஓட வேண்டும் என்பது சட்டம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து மாற்றுகிறவர் மலிவானதைத் தேடி மாட்டிக்கொண்டு நிறுத்திவிடுவார். காரணம் தெரிந்து மாற்றுவதே நல்லது.

டயரின் பிடிப்பு முதலில் ரப்பரில் இருக்கிறது. டயர்ப் பூ, அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் கோலம், நம் பட்டறையில் 'புங்ஙா' என்று சொல்வது, அதற்கு அடுத்தபடிதான். ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றும். குளிரக் குளிர அது விறைக்கும். சாதாரண டயருக்கு ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த விறைப்பு பிரேக்கில் தெரிய ஆரம்பிக்கும். 7 டிகிரியில் கோடு போட்டது போல எதுவும் நடக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். மொன்றியலில் ஜனவரி மாதச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே 9, 10 டிகிரி. அந்தக் குளிரில் சாலை உலர்ந்து கிடந்தாலும் சாதாரண டயர் பழைய டயரைப் போலத்தான் பிடிக்கும்.

விண்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இயற்கை ரப்பர் கண்ணாடியைப் போல இறுகுவது பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி வாக்கில்தான். நம் தோட்டங்களில் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து மரம் வெட்டி எடுத்த அதே பால்தான், உலகின் மறுகோடியில் பனிக்கட்டி மேல் காரை நிறுத்துகிறது. இதை நினைத்துப் பார்க்கும்போது நமக்குப் பெருமையாகவே இருக்கிறது.

"பனியை வாரிவிடுகிறார்கள்" என்று உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் ஆபத்து இருப்பது வாரிய சாலையில்தான். மேலே கிடந்த பனியை வாரிய பிறகு மிச்சமிருக்கும் ஈரம் இரவில் உறைந்து, தார் நிறத்திலேயே மெல்லிய கண்ணாடிப் படலமாகிவிடும். 'பிளாக் ஐஸ்' என்பது இதைத்தான். பாலத்தின் மேல் முதலில் உறையும், ஏனென்றால் அங்கே அடியிலிருந்தும் காற்று குளிர்விக்கிறது. சிக்னலில் நூற்றுக்கணக்கான கார்கள் பிரேக் பிடித்துப் பிடித்து, அங்கே கிடக்கும் பனியைத் தேய்த்து மெருகேற்றி வைத்திருக்கும். உப்பு தூவுவார்கள், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை நெருங்கும்போது சாதாரண உப்பின் வேகம் குறைந்துவிடும். ஊருக்குள் ஓட்டுகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக் மிதிக்கிறவர். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரைவிட அவருக்குத்தான் பிடிப்பு அடிக்கடி தேவைப்படுகிறது.

இனி அந்தப் பெயர் விவகாரம். வட அமெரிக்காவில் 'ஆல்-சீசன்' என்று விற்கும் டயர்களில் பெரும்பாலானவற்றில் 'எம்+எஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். சேறும் பனியும் என்று பொருள். பூவின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறி அது. பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதல்ல. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரைதான் சோதனையில் தேறிய அடையாளம். 1999-இல் அமெரிக்க, கனடிய ரப்பர் உற்பத்தியாளர்கள் சேர்ந்து கொண்டுவந்தது. கியூபெக் சட்டம் கேட்பதும் இந்த முத்திரையைத்தான். டயரின் பக்கவாட்டில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், புடைப்பாக இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. 'ஆல்-வெதர்' என்று விற்பார்கள். அதில் இந்த முத்திரை இருக்கும், வருடம் முழுக்க ஓட்டலாம், சட்டமும் ஏற்கும். ஆனால் முத்திரைக்கான அந்தச் சோதனை, அழுத்திய பனியில் கார் எவ்வளவு நன்றாகக் கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்கிறது. பனிக்கட்டி மேல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. நான்கு மாதம் உறைந்து கிடக்கும் மொன்றியலுக்கு முழு விண்டர் டயரையே நாங்கள் சொல்வோம்.

செலவை அடக்க ஒரு வழி இருக்கிறது. விண்டர் டயருக்கென்று தனியாக நான்கு இரும்பு ரிம் வாங்கி, அதிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்துவிடுவது. வருடம் இருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலி மிச்சம், டயரின் விளிம்பும் கிழியாது. கொரோலாவில் 205/55 ஆர் 16 என்ற அளவு டயர் இருந்தால், 195/65 ஆர் 15-க்கு இறங்கலாம். மொத்த விட்டம் அரை சதவீதம்கூட மாறாது, எனவே வேக முள் தப்புக் காட்டாது. ஒடுங்கிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும், விலையும் குறைவு. ஆனால் 15 அங்குல ரிம் முன் பிரேக்கின் கேலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று அந்த மாடலுக்குக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

முதல் பனி விழுந்த மறுநாள் ஊரே பட்டறை வாசலில் நிற்கும். அக்டோபரிலேயே நாள் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வரும்போது மாட்டிவிட வேண்டும். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 300 கிலோமீட்டராவது சாந்தமாக ஓட்ட வேண்டும். ரிம் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுச் சக்கரம் ஆடிப்போனவர்கள் உண்டு. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். இரும்பு ரிம்மும் அலாய் ரிம்மும் ஒரே வகை நட்டை ஏற்காமல் போகலாம், அதையும் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

*கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பெண் டொராண்டோவில், ஒருத்தி வான்கூவரில், பையன் லண்டனில். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியுமா? (செந்தூல் வாசகர்)*

முடியாது, ஐயா. டொராண்டோவில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் விண்டர் டயர் போட்டால் காப்புறுதியில் கழிவு கொடுக்க வேண்டும் என்று ஒன்டாரியோவில் 2016 முதல் விதி இருக்கிறது. ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊர், விண்டர் டயரே சரி. காரை வாரம் ஒருமுறைதான் எடுப்பார், அடுக்குமாடியில் நான்கு டயர் அடுக்க இடமும் இல்லை என்றால் ஆல்-வெதரோடு சமாளிக்கலாம்.

வான்கூவர் மழை ஊர். ஜனவரியிலும் பூஜ்யத்துக்கு மேலேதான் சராசரி. முத்திரையுள்ள ஆல்-வெதர் அங்கே நன்றாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விஸ்லர் போன்ற மலைப் பக்கம் போகும் நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் வசந்தம் வரை குளிர்கால டயர் கட்டாயம், பூவின் ஆழமும் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

லண்டனில் சட்டம் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 'ஆல்-சீசன்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் மலை முத்திரை இருக்கும். கனடாவின் ஆல்-சீசனும் அதுவும் பெயரில் மட்டுமே ஒன்று. லண்டனுக்கு அது போதும். பையன் ஜெர்மனிக்குக் கார் ஓட்டிப் போகிற ஆளாக இருந்தால் சொல்லி வையுங்கள்: அங்கே பனி கிடக்கும் சாலையில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் குறி செல்லாது.

*கேள்வி: முன் சக்கரம்தானே காரை இழுக்கிறது? முன்னால் இரண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் பாதிக் காசு மிச்சமாகுமே? (கிள்ளான் வாசகர்)*

செய்யவே கூடாது. முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்றானால், வளைவில் லேசாகக் கால் எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். கார் சுழலும். பழகிய ஓட்டுநருக்கும் அதை மீட்பது அரிது. நான்கும் ஒரே ரகம், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். நான்குக்குப் பணம் இல்லாத வருடம், மலை முத்திரை உள்ள மலிவான நான்கு வாங்குவது, பெரிய பெயருள்ள இரண்டு வாங்குவதைவிட மேல்.

*கேள்வி: என் தம்பி கால்கரியில் நாலு சக்கரமும் இழுக்கும் எஸ்யூவி வைத்திருக்கிறார். அதற்கும் விண்டர் டயர் வேண்டுமா? (பட்டர்வொர்த் வாசகி)*

நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எந்தக் காரிலும் நாலு சக்கரமும்தான் பிரேக் பிடிக்கின்றன, அதில் எஸ்யூவிக்குத் தனிச் சலுகை இல்லை. எடை கூடுதல் என்பதால் நிலைமை இன்னும் சிரமம்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து உலர்ந்த தாரில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறையும் அழுத்திய பனியில் ஏறக்குறைய 40 மீட்டர். எட்டில் ஒன்றாகிவிடும் பனிக்கட்டியில் நூறு மீட்டரைத் தொடும். இதற்கு முன்னால், கண் பார்த்துக் கால் மிதிக்க ஆகும் ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும். விண்டர் டயர் செய்வதெல்லாம் அந்த உராய்வைக் கொஞ்சம் தூக்கிவிடுவதுதான், ஆனால் எதிரே ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடக்கும்போது அந்தக் கொஞ்சம்தான் வேண்டும். நாலு சக்கர இழுவை சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை வழுக்குகிறது என்ற எச்சரிக்கையே ஓட்டுநருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

*கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்ட் வெல்ஃபயர் எடுத்தேன். டயரில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கிறது. பூ நிறைய இருக்கிறது, ஆனால் மழையில் கார் மிதப்பது போல இருக்கிறது, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நிலையாக நிற்கவில்லை. அலைன்மெண்ட் இரண்டு முறை செய்தாகிவிட்டது. (பெட்டாலிங் ஜெயா வாசகர்)*

அலைன்மெண்டில் குற்றம் இல்லை. நீங்கள் பெட்டாலிங் ஜெயாவில் பனி டயரில் ஓட்டுகிறீர்கள். ஜப்பானில் ஆணி பதித்த டயர்கள் தார்ச்சாலையை அரைத்துத் தூசி கிளப்பியதால், 1990-இல் சட்டம் போட்டு அவற்றை ஒழித்தார்கள். ஆணி இல்லாமலே பனிக்கட்டியில் நிற்க உருவாக்கிய டயருக்குத்தான் ஸ்டட்லெஸ் என்று பெயர். பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், யோகோஹாமா ஐஸ்கார்டு எல்லாம் இந்த ரகம். அதனதன் இடத்தில் அருமையான டயர்கள்.

பூவை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனிக்கட்டி மேல் ஆயிரம் சின்ன விளிம்புகளாகப் பற்றுவதற்கு அவை. ரப்பரும் அந்தக் குளிருக்கென்றே மெத்தென்று செய்தது. நம் மதிய வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதன் மேல் இந்த ரப்பர் குழைகிறது, வெட்டுகளால் பிரிந்த கட்டைகள் தனித்தனியே வளைகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் கட்டைகள் வளைந்து, பிறகுதான் கார் திரும்பும். நிலையாக நிற்கவில்லை என்று நீங்கள் சொல்வது இதுதான். ஈரத் தாரில் இந்த டயரின் பிரேக் தூரம் சாதாரண டயரைவிட நீளம், மழையில் மிதப்பதாகத் தோன்றுவது அதனால். ஓடஓட உள்ளே சூடு ஏறும், ஓரங்கள் பிய்ந்து பிய்ந்து தேயும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும்.

வேகக் குறியையும் பாருங்கள். ஸ்டட்லெஸ் டயர் பலவற்றில் 'கியூ' என்று இருக்கும்: உச்சம் மணிக்கு 160 கிலோமீட்டர். சாதாரணக் கார் டயரில் வரும் 'எச்' 210, 'வி' 240. நம் நெடுஞ்சாலையில் 110-தான் எல்லை என்றாலும், ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி வெயிலில் ஈப்போ வரை போகும்போது அந்தக் கூடுதல் தாங்குசக்திதான் டயரைக் காப்பாற்றுகிறது.

எனவே நான்கையும் மாற்றுங்கள். அந்த வண்டிக்கு 18 அங்குல ரிம் என்றால் பெரும்பாலும் 235/50 ஆர் 18 வரும். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் அளவையும் காற்றழுத்தத்தையும் பார்த்து, எடைக் குறி, அதாவது டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண், அதற்குக் குறையாமல் வாங்குங்கள். கழற்றியதை 'பூ இருக்கிறதே' என்று இன்னொருவருக்கு விற்க வேண்டாம். செகண்ட் டயர் கடையில் இந்த ரகம் கிடந்தால் பூ ஆழமாக, புதுசு போலத் தெரியும். ஏமாறாமல் இருக்க, ஸ்டட்லெஸ் என்ற சொல்லோ மலை முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஓடி என்ற எழுத்துக்கள் உள்ள வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் அந்த நான்கு எண் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். காரின் உட்பக்கமாகத் திரும்பியிருந்தால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

*கேள்வி: நைட்ரஜன் அடித்தால் குளிரில் காற்று இறங்காது என்கிறார்களே? (பாயான் லெப்பாஸ் வாசகர்)*

இறங்கும். குளிர்ந்தால் சுருங்குவது எல்லா வாயுவுக்கும் பொது. ஏறக்குறைய 5.5 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி கராஜில் 33 அடித்த டயர், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி உள்ள வெளியில் ஓரிரவு நின்றால் 26, 27 தான் காட்டும். டயர் பழுதில்லை, ஓட்டையும் இல்லை. காலையில் வண்டி எடுக்குமுன் அளந்து, கதவோரத் தாளில் சொன்ன அளவுக்கு நிரப்ப வேண்டும். ஓடிச் சூடான பிறகு அளந்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

*கேள்வி: ஜெலுத்தோங்கில் ஒரு டயர் கடையில், பினாங்கு மழைக்கு எம்+எஸ் டயர்தான் நல்லது என்று மைவிக்குக் காட்டினார்கள். வாங்கலாமா? (ஜார்ஜ்டவுன் வாசகி)*

அந்த எழுத்துக்காகக் கூடுதலாக ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம், அம்மா. மேலே சொன்னபடி அது பூவின் அமைப்பைப் பற்றிய குறி. ஈரத் தாரில் பிரேக் எப்படி என்று அது சொல்லாது. 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே போகும் ஊரில் குளிருக்கென்று சேர்த்த எதுவும் உங்களுக்குப் பயன்படப்போவதில்லை. கடையில் ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் இருந்தால், மழை மேகமும் சக்கரமும் வரைந்த கட்டத்தில் என்ன எழுத்து என்று பாருங்கள். ஏ என்றால் ஈரத்தில் மிக நல்லது, ஈ கடைசி. வாங்கும் டயர் ஏ அல்லது பி-யாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் ஆழம். பினாங்குப் பாலத்தில் 80-இல் போகும்போது சக்கரம் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓர் உள்ளங்கை அகலமே தரையைத் தொடும் டயர், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் அடியிலிருக்கும் நீரைப் பூவின் இடையே ஓடும் சாலுக்குள் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாவிட்டால் நீர் மேலேயே ஏறிவிடும், ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். புது டயரின் சால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். சட்டம் 1.6 வரை விடுகிறது. சாலின் அடியில் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஆழம் பார்க்கும் அளவுகோல் சில வெள்ளிக்குக் கிடைக்கும். நடுவில் மட்டும் அளக்காமல் உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் செய்யாமல் புது டயர் போட்டும் பயனில்லை.

இரண்டு டயர்தான் இப்போது மாற்ற முடியும் என்றால், புதியவை இரண்டும் பின்னால். மைவி முன்சக்கரத்தால் ஓடும் வண்டி, புதுசு முன்னால்தான் என்று கடையில் வற்புறுத்தக்கூடும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், கால் எடுத்தால் பிடிப்புத் திரும்பும். பின்பக்கம் மழையில் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதை மீட்பது கடினம். முன்னால் இருந்த பழையவை போதிய ஆழத்தோடு இருந்தால் அங்கேயே இருக்கட்டும், பின்னால் இருந்தவை அதைவிட நன்றாக இருந்தால் முன்னால் மாற்றிப் போடச் சொல்லுங்கள், பேலன்சிங்கையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள்.